பூனைக்குட்டிகளுக்கு வீடு தேடும் குழு – செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டும் குட்டி கேட்டு வந்தவர்களுக்குக் குறைவில்லை. சிக்கல் வயதில்தான். எடுக்கக் கூடாத வயதில் எடுத்துவருகிறார்கள், கொடுக்கக் கூடாத வயதில் கேட்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கார் நிறுத்துமிடத்திலும் மீட்டர் அறையிலும் குட்டிகள் கத்தும். உடனே தூக்கிவிட வேண்டாம். இரைதேடிப் போன தாய் திரும்பச் சில மணி நேரம் ஆகும், ஆள் நின்றால் கிட்டவே வராது. வயிறு நிரம்பி, சுத்தமாகத் தூங்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தாய் இருக்கும். தண்ணீர் ஏறும் இடமென்றால் மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்து, சில அடி தள்ளி மேட்டில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

தாய் வரவேயில்லை என்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, விலகிப் படுக்க மறுபக்கம் இடம் விட வேண்டும். பசும்பால் கொடுத்தால் கழிச்சல் வரும், உடம்பு நீர் வற்றிக் குட்டி போய்விடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, குப்புற வைத்து ஊட்டுங்கள். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கும். மூன்று வாரம் ஆகும்வரை ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் வரும். பாலூட்ட முன்வருபவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

சமையலறைத் தராசு கட்டாயம். பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். எடை இறங்கினால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

"ஒரு மாசக் குட்டியா குடுங்க, அப்பதான் பழகும்" என்ற கோரிக்கையை இந்த ஆண்டும் ஏற்கவில்லை. 8 வாரம் முடிந்து, தானாகச் சாப்பிட்டு, 800 கிராமாவது இருந்தால்தான் கொடுப்போம். பழக்குவது, வீடு கிடைக்கும்வரை குட்டியை வைத்துப் பார்த்துக்கொள்பவர் வேலை. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் தினமும் கையில் எடுத்துக் கொஞ்சினால் போதும். கடி எவ்வளவு வலிக்கும் என்பதைக் அந்த வயதில் கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் குட்டி கற்கிறது.

எட்டாவது வாரத்தில் பூனைகளுக்கு வரும் மூன்று நோய்களைத் தடுக்கும் முத்தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து மறு ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டி இறந்த அறையில் ஊசி போடாத அடுத்த குட்டியை விடவே கூடாது. அந்த நோயைத் தரும் பார்வோ இனத்து வைரஸ் ஓராண்டுகூட அங்கே தங்கும். ஃபினாயில் அதற்குப் போதாது, பூனைக்கும் நஞ்சு. தரையை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும்.

வாங்குபவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். பால்கனிக்கு வலை உண்டா? வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்தாரா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? மூன்றாவதில் தடுமாறுபவர்களே பெரும்பாலும் குட்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கடுவன்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: சின்னக் குட்டியில் ஆண், பெண் மாறிப்போவது சகஜம். மூவர்ணக் குட்டி என்றால் அநேகமாகப் பெட்டைதான்.

வீடு தேடுவதைவிட முக்கியமானது தாய்க்குக் கருத்தடை. சினைக்காலம் ஒன்பது வாரம், பாலூட்டும்போதே மறுபடி சினைபிடிக்கும். ஆகவே குட்டிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் தாயைப் பிடித்துவிட வேண்டும். கூண்டின் கடைசியில் மீனை வைத்து, பூனை மாட்டியதும் துணியால் மூடுங்கள், அடங்கிவிடும். பெட்டைக் குட்டிக்கு நாலைந்து மாதத்திலேயே பருவம் வரும். அதனால் நான்காம் மாதம் தொடங்கும்போதே, கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து நினைவூட்டுவதைக் குழு வழக்கமாக்க வேண்டும்.

வரும் ஆண்டில் கருத்தடைக்குத் தனிக் கணக்கு வைக்கவும், இன்னொரு கூண்டு வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்