குப்பைக் கிடங்கு மழைநீர்: ஞாயிறு காலை கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

போன மழையில் கிடங்குக் குப்பை ஊறி, கறுப்புத் தண்ணீர் நம் தெருக் கால்வாய் வரை வந்தது. மழைநீர் குப்பையில் கலக்காமல் திருப்பிவிட வடிகால் வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. கிடங்கில் அந்த வடிகால் மண் மூடிக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தூர்வார வைக்க வேண்டும்.

5.10.2025 ஞாயிறு, காலை 7 மணி, பிள்ளையார் கோயில் வாசல்.

1. மழையின்போது எடுத்த படங்கள் இருந்தால் தேதியோடு இங்கே போடுங்கள்.
2. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு தருகிறோம். கையெழுத்திட வீட்டுக்கு ஒருவர் அவசியம் வாருங்கள். கிடங்கின் இசைவாணை (கிடங்கை நடத்த வாரியம் தரும் அனுமதி) நகலையும் கேட்கிறோம், அதிலுள்ள நிபந்தனைகள் நமக்குத் தெரிய வேண்டும்.
3. கிணற்று நீர் நிறம் மாறியிருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அதைக் குடிக்க வேண்டாம்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரும் வீட்டு எண்ணும் போடுங்கள்.