தம்பி கேட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

சுனாமி ஆராய்ச்சியில் உலக நாடுகள் கைகோத்து நிற்பதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. நான் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கடலுக்குப் போனார், இப்போது தம்பி போகிறான். அதனால் அந்தக் கட்டுரையில் விடுபட்ட ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி தாண்டியிருக்கும். பரணில் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் கலகலவென்று ஆடின. எலி என்று நினைத்து அம்மா கரண்டியால் பரணைத் தட்டினாள். தெருவில் நாலைந்து பேர் வெளியே வந்து "பூமி ஆடிச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் பிளந்ததும், அலை எங்களை நோக்கிக் கிளம்பிவிட்டதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது சென்னைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டரை மணி நேரம்! எங்கள் தெருவிலிருந்து மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு நடந்து போக அரை மணி போதும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாலும்.

பசிபிக் கடல் நாடுகளுக்கு 1965 முதலே கூட்டு எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. நம் கடலுக்கு இல்லை. 14 நாடுகளில் இரண்டேகால் லட்சம் பேருக்கு மேல் போன பிறகுதான் 2005இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் இந்தியப் பெருங்கடலுக்கும் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. 2007இல் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கைத் தகவல் தருகின்றன. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நடுக்கடலில் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. கடலடியில் கிடக்கும் அழுத்தமானி, தலைக்கு மேல் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கண்டுகொண்டு, ஒலியலை வழியாக மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் சென்னைக்குப் பழைய பங்கும் உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம். அதில் எழுந்த அலையை மதராஸ் உட்பட வங்கக் கடலோரத் துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்க வைத்திருந்த அலைமானிகள் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்தன. 120 ஆண்டு கழித்து மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் இருந்த இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளை வைத்தே அன்று எவ்வளவு நீளத்துக்கு நிலம் நகர்ந்தது என்று கணக்குப் போட்டு 2003இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே நாங்கள் அப்படியொரு அலையை நேரில் பார்த்தோம்.

சரி, விடுபட்டது என்ன என்பதற்கு வருகிறேன். 2005 ஜனவரியில் பல நாட்டு ஆய்வாளர்கள் நம் கரையோரம் முழுக்க வந்தார்கள். எங்கள் தெருவுக்கும் இரண்டு பேர் அளவுகோல் கம்போடு வந்து, சுவரில் தண்ணீர் விட்டுப் போன கறையை அளந்தார்கள். எங்கள் ஆயாவிடம் "தண்ணீர் எது வரைக்கும் வந்தது, எத்தனை தடவை வந்தது?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பொறுமையாகக் கேட்டார்கள். ஆயா நடந்தே போய்க் காட்டிக் கொடுத்தாள். அந்த அளவுகள் எல்லாம் சேர்ந்து எங்கோ வரைபடமாகி இருக்கும். ஆனால் அதை எடுத்துவந்து "இதோ பாருங்கள், உங்கள் தெருவில் தண்ணீர் இது வரை ஏறும், நீங்கள் இந்த வழியாக ஓடுங்கள்" என்று இன்று வரை ஒருவரும் எங்களுக்குக் காட்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் தம்பி எழுந்து, "கடல்ல இருக்கும்போது சேதி வந்தா கரைக்கு ஓடி வரணுமா, ஆழத்துக்குப் போவணுமா?" என்று கேட்டான். வந்திருந்தவர் பேப்பரைப் புரட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பதில் எனக்கே பின்னால்தான் தெரிந்தது. 2004இல் நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன் 1 என்ற செயற்கைக்கோள் அந்த அலையின் மேலே பறந்தது. நடுக்கடலில் அதன் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். ஆழத்தில் படகு அதை உணரக்கூட உணராது. கரையை நெருங்க நெருங்கத்தான் அது சுவராக எழும்புகிறது. அதனால் ஆழ்கடலில் இருப்பவர்கள் அங்கேயே இருப்பதுதான் நல்லது. உயிர் போகிற கேள்விக்கு இவ்வளவு எளிய பதில் இருந்தும், கேட்டவனுக்கு அன்று அது கிடைக்கவில்லை.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. மிதவையின் நிழலில் மீன் கூடும் என்று படகைக் கொண்டுபோய் அதில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பாகங்களைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் எந்த மீனவனும் அதில் கை வைக்க மாட்டான். 2023இல் அரசு எல்லோர் போனுக்கும் பேரிடர் சோதனைச் செய்தி அனுப்பியபோது, மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அந்தச் சத்தத்தில் பயந்து போனைக் கீழே போட்டுவிட்டாள். என்ன செய்தி என்று படித்தவர்கள் எங்கள் தெருவில் மிகக் குறைவு.

புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு கிராமம் 2004இல் பிழைத்தது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்க்காரர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அப்புறம் ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சனம் வெளியேறியது. ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, யார் பேச வேண்டும் என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு மீனவ ஊர்கள் 2020இல் யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரத்தைப் பெற்றன. தண்ணீர் ஏறும் எல்லைக்கு வரைபடம், தப்பிக்கும் வழியைப் பொது இடத்தில் எழுதி வைப்பது, இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை, இரவு பகல் எந்நேரமும் எச்சரிக்கையை வாங்கிச் சொல்ல ஆள். இவைதான் அதற்கான விதிகளில் முக்கியமானவை. இதில் நம்மால் முடியாதது எதுவும் இல்லையே? காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். ஒத்திகையை அப்போது வைக்கலாம். பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் எல்லாம் மீன் விற்கும் இடத்திலும் ரேஷன் கடை வாசலிலும் தமிழில் ஒரு பலகை வைக்கலாம்.

இதை ஆய்வு நிறுவனங்களும் அரசும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அந்தப் பலகையின் முதல் வரியாகத் தம்பியின் கேள்விக்கான பதிலையே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சீனிவாசபுரம், சென்னை