படத்தின் கீழே ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாணவர்களின் வாசிப்பு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: 'விக்கிப்பீடியா வேலைவெட்டி இல்லாதவர்கள் எழுதி நிரப்பும் இடம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.' மூன்று நாளாக அந்த வரி மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

நான் செங்கம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 2017இல் ஆசிரியர்களுக்கு நடந்த விக்கிப்பீடியாப் பயிற்சியில் கணக்குத் தொடங்கினேன். விடைத்தாள் திருத்தி முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எங்கள் குழுவில் மின்வாரிய ஊழியர் இருக்கிறார், மருந்துக்கடைக்காரர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர் இருக்கிறார். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்தில் அதைத் தூக்கி நிறுத்திய இ. மயூரநாதன், அமீரகத்தில் கட்டடக்கலைஞராக வேலை பார்த்துக்கொண்டேதான் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது கொடுத்தது தாங்கள் அறியாததல்ல. இதில் யார் ஐயா வேலைவெட்டி இல்லாதவர்?

யார் வேண்டுமானாலும் எழுதலாம், உண்மைதான். எழுதியது நிற்குமா என்பது வேறு விஷயம். எங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையில் மறுநாளே 'சான்று தேவை' என்று போட்டுவிட்டார்கள். 'நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்குத் தெரியாதா?' என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் சண்டை போட்டேன். அப்புறம் நூலகத்தில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து, புத்தகமும் பக்க எண்ணும் தேடிச் சேர்த்த பிறகுதான் அந்தக் கட்டுரை நின்றது. பி.எட். படிப்பில்கூட இந்தப் பாடத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் மாதம் ஒரு ஞாயிறு பயிலரங்கு நடத்துகிறோம். டீ, பிஸ்கட், ஜெராக்ஸ் எல்லாம் கைக்காசு. ஒரு கல்லூரியில் அழைத்தார்கள். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை என்று மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் லேப் சாவி வைத்திருந்தவர் விடுப்பு. சரி என்று பிள்ளைகள் கல்லூரி வைஃபையில் கைபேசியிலேயே கணக்குத் தொடங்கினார்கள். ஒரே இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதுக் கணக்குக்கு மேல் விக்கிப்பீடியா அனுமதிக்காது. விஷமிகளைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. முந்தின நாளே வீட்டில் கணக்குத் தொடங்கி வரச் சொல்லி நாங்கள் அனுப்பியிருந்த கடிதத்தை அங்கே யாரும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவில்லை. ஏழாவது பிள்ளையிலிருந்து எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் உங்கள் பத்திரிகையில் பொன்னாடைப் படம் வந்தது. விக்கிப்பீடியா என்ற சொல் அந்தச் செய்தியில் ஓரிடத்திலும் இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டோம். இந்த முறை பொறுக்க முடியவில்லை. அந்த ஒரு வரி வந்த அதே இணைப்பில், கடைசிப் பக்கத்தில் ஒரு நடுகல் படம் போட்டிருந்தீர்கள். கீழே 'படம்: இணையம்' என்றிருந்தது. அதை எடுத்தது எங்கள் பயிலரங்குக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி. உருவம் தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் மாவு தடவக் கூடாது என்று சொல்லியிருந்தோம். தண்ணீர் விட்டுத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெயில் சாய்வாக விழும் காலை ஏழு மணிக்காகக் காத்திருந்தாள். அந்த வெளிச்சத்தில்தான் வீரன் கையிலிருந்த வில் தெரிந்தது. விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் அவள் ஏற்றிய முதல் படம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் போட்டால் போதும் என்பதுதான் கிரியேட்டிவ் காமன்சு நிபந்தனை. பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கே ஓடி வந்தாள். படத்தின் கீழே விரலை வைத்துத் தன் பெயரைத் தேடினாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டாள்.

எங்கள் பகுதி எடுத்தனூர் நடுகல் தாங்கள் அறிந்ததே. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தியின் பெயரோடு, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன். நாய்க்கே பெயர் பொறித்த மண் இது. ஒரு பெண் பிள்ளையின் பெயருக்கு உங்கள் பத்திரிகையில் அரை வரி இடம் இல்லையா?

வருத்தம் கேட்டு எழுதுங்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பொதுவகத்தில் அந்தப் படத்தின் பக்கத்திலேயே அவள் பயனர் பெயர் இருக்கிறது. வரும் ஞாயிறு இணைப்பில் அதை மட்டும் ஒரு வரியாகப் போடுங்கள். அப்புறம், எங்கள் பயிலரங்கு அறிவிப்பை 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்கு மூன்று முறை அனுப்பியும் வரவில்லை. நான்காவது முறையாக இத்துடன் இணைத்திருக்கிறேன். மொத்தமே இரண்டு வரிதான்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர்,
செங்கம்.