மின்விலைத் தரவும் ஒரு வரி நிரலும்: மதிப்பாய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இயந்திரக் கற்றல் மாநாடுகளின் மதிப்பாய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஓயாமல் வந்துகொண்டும் போக்கை மாற்றிக்கொண்டும் இருக்கும் தரவோடைகளை வகைப்படுத்தும் ஆய்வுகளில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மின்விலைத் தரவு திரும்பத் திரும்ப உரைகல்லாக வைக்கப்படுகிறது. அந்த உரைகல்லைப் பற்றியே இம்மடல்.

1996 மே முதல் 1998 டிசம்பர் வரை அரை மணிக்கு ஒன்றாக 45,312 பதிவுகள் கொண்ட இத்தரவில், விலை கடந்த 24 மணி நேரச் சராசரிக்கு மேலா கீழா என்பதே கேள்வி. பிற்பகல் 2 மணிக்கு மேலே நின்ற விலை 2.30க்கும் பெரும்பாலும் மேலேயே நிற்கும். ஆகவே, 'சற்று முன் வந்த விடையே இப்போதும்' என்று ஒப்பிக்கும் ஒரு வரி நிரல், எதையும் கற்காமலேயே ஏறத்தாழ 85 விழுக்காடு சரியாகச் சொல்லிவிடுகிறது. தரவோடையிலிருந்து படிப்படியாகக் கற்கும் முடிவு மரமும் இத்துறையின் அடித்தளமுமான ஹாஃப்டிங் மரம் 79 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கிறது. இந்தக் குறையை ஆய்வாளர் இந்த்ரே ஜ்லியோபைட்டே 2013இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். ஆயினும், அந்த ஒரு வரி நிரலைப் பக்கத்தில் நிறுத்தாமல், தம் துல்லியத்தை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடும் கட்டுரைகள் இன்னும் உங்கள் மேசையைக் கடந்து வருகின்றன.

எனக்கு இதைவிடக் கவலை தருவது நகர்வு கண்டறிவான்களின் நிலை. பிழை கூடும்போது, தரவின் இயல்பு மாறிவிட்டதென எச்சரித்துப் அதுவரை கற்ற பழைய மாதிரியைக் களையச் செய்வதே அவற்றின் வேலை. இத்தரவிலோ காரணமின்றி அடிக்கடி அலறும் கண்டறிவானுக்கும் மதிப்பெண் கூடுகிறது; ஒவ்வொரு முறை அழித்துத் தொடங்கும்போதும் மாதிரிக்குத் தெரிந்திருப்பது கடைசிச் சில மணி நேரம் மட்டுமே, அந்நேரத்தில் விடை மாறுவதும் குறைவு. பொய்யாகக் கூவும் காவல்காரனுக்குப் பரிசு கொடுப்பதுபோலத்தான் இது.

எனவே, முன் விடையையே ஒப்பிக்கும் அந்த ஒரு வரி நிரலோடு ஒப்பிட்ட எண்ணையும், அந்நிரலை ஒரு முறை எவ்வளவு விஞ்சுகிறது என்பதை அளக்கவே முன்வைக்கப்பட்ட காலக் கப்பா அளவையும் கட்டாயமாகக் கேளுங்கள். நகர்வு நிகழும் இடத்தை முன்கூட்டியே அறிந்த செயற்கைத் தரவில், எச்சரிக்கை எவ்வளவு தாமதித்தது, எத்தனை முறை பொய்த்தது என்பதையும் கேளுங்கள். விடை உடனே கிடைத்துவிடும் என்ற அனுமானத்தையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடாதீர்கள்: கடன் அட்டை மோசடியில், வாடிக்கையாளர் கணக்கைப் பார்த்துப் புகார் தரும்வரை, சில வேளை வாரக்கணக்கில், சரியான விடை எவருக்கும் தெரியாது. அடுத்த மாநாட்டின் சமர்ப்பிப்புப் படிவத்திலேயே இம்மூன்றுக்கும் இடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தரவோடை ஆய்வுகளின் வாசகன்