இரத்ததான முகாமுக்கு ஆள் சேர்த்தவர்களுக்கு நன்றி

திருகோணமலை நகரில் நாங்கள் நடத்திய இரத்ததான முகாமில் கை நீட்டிப் படுத்த எல்லோருக்கும் அன்றே நேரில் நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் அவர்களை அங்கே வரவைத்தவர்களுக்கு.

2014 முதல் நம் நாட்டில் சேரும் இரத்தம் முழுவதும் காசோ பதில் இரத்தமோ கேட்காத தொண்டர்கள் கொடுப்பது. அதனால் சனம் மனமுவந்து வந்தால்தான் இரத்த வங்கி நிறையும். "உயிர் காப்போம்" என்று பொதுவாய் ஒரு பதாகை கட்டினால் போதாது, ஊருக்கு ஊர் பயம் வேறு.

திருக்கடலூர் அண்ணாமாருக்கு முதல் நன்றி. "குடுத்தா வலை இழுக்கத் தெம்பு இருக்குமோ?" என்பதுதான் அங்கே எல்லோருடைய கேள்வியும். அதையே துண்டுப்பிரசுரத்தின் தலைப்பாய்ப் போடச் சொன்னது நீங்கள்தான். பதிலையும் ஒளிக்காமல் எழுதினோம்: எடுப்பது சுமார் 450 மில்லிலீற்றர், நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில வாரம் வேண்டும், அதனால்தான் அடுத்த முறைக்கு 4 மாத இடைவெளி. அன்றைக்குப் பாரமான வேலை கூடாது என்பதால், படகு இறங்காத நாளாய்த் திகதி குறித்துத் தந்ததும் நீங்களே.

கிண்ணியா நானாமாரே, ஜும்மாவுக்குப் பிறகு நீங்கள் செய்த அறிவிப்புக்குப் பெரும் பலன் கிடைத்தது. 2017 டெங்குக் காலத்தில் உங்கள் ஊர் பட்ட பாட்டை நினைவூட்டி, டெங்கு வந்தால் குறைந்துபோகும் குருதித் தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று சொன்னபோது, முகாம் ஏன் அடிக்கடி வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. பெண்களுக்குத் தனி மறைப்பும் பெண் தாதியும் உண்டு என்பதை வீடு வீடாய்ப் போய்ச் சொன்ன ராத்தாமாருக்குத் தனியாக நன்றி. அந்த வேலையை எந்தச் சுவரொட்டியும் செய்திருக்காது.

கந்தளாய்ச் சகோதரி சிங்களச் சுவரொட்டியைத் தன் ஊர்ச் சனத்துக்கென்றே புதிதாய் எழுதினார். போயா எனும் பௌர்ணமி நாளில் பன்சலையில் (பௌத்த விகாரையில்) இரத்தம் கொடுத்துப் பழகிய குடும்பங்கள் அதைப் பார்த்து நகரம் வரைக்கும் வந்தன.

எல்லாச் சமூகமும் வரவேண்டும் என்று நாங்கள் நின்றதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சில வாரத்துக்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற, ஏ, பி, ஓ வகை ஒத்திருந்தாலும் நுணுக்கமான வேறு கூறுகள் ஒத்துவராமல் போகலாம். அக்கூறுகளில் சில பரம்பரைக்குப் பரம்பரை வேறுபடும். கொடையாளர் பலவிதமாய் இருந்தால்தான் பொருந்துகிற பையைத் தேடிப் பிடிக்கலாம்.

ஒலிபெருக்கி கட்டி ஓடிய ஆட்டோத் தம்பிமாருக்கும், கூலி வாங்காத அச்சகத்தாருக்கும் நன்றி. ஈமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்ப நேர்ந்த தங்கச்சிமாரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, என்ன சாப்பிட வேண்டும் என்று பொறுமையாய்ச் சொன்ன தாதி அக்காவுக்கும் நன்றி.

மூதூரிலும் புல்மோட்டையிலும் இருந்து துண்டுப்பிரசுரம் கேட்ட நண்பர்களே, தாராளமாய் எடுத்துக்கொள்ளுங்கள். வயது 18 முதல் 60, நிறை 50 கிலோவுக்கு மேல், அடையாள அட்டை வேண்டும் என்ற வரிகளை மட்டும் மாற்றாதீர்கள். தலைப்புக் கேள்வியை உங்கள் ஊராரிடம் கேட்டுப் போடுங்கள்.