பொருள்: எம்-சிஎஸ்எஃப் வையலில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு, கூட வந்தது வேறு லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) சான்றிதழ்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வணக்கம்.

உங்களிடம் வாங்கிய சுண்டெலி எம்-சிஎஸ்எஃப் புரதம், 50 மைக்ரோகிராம் வையல் இரண்டு, பற்றி எழுதுகிறேன். போனில் சொன்னபோது, "நீங்கள் ஃப்ரீசரில் சரியாக வைத்திருக்க மாட்டீர்கள்" என்று டீலர் முடித்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

சுண்டெலியின் எலும்பு மஜ்ஜைச் செல்களுக்கு இந்தப் புரதத்தை மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் வீதம் கொடுத்து, 7 நாளில் மேக்ரோஃபேஜ்களாக, அதாவது கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்களாக, வளர்க்கிறோம். மூன்று வருடமாக உங்கள் சரக்குதான், குறை சொன்னதில்லை. இந்த முறை, செல்கள் சுரக்கும் புரதத்தின் அளவை நிறத்தால் காட்டும் எலைசா பிளேட்டில் அமிலம் விட்டதும் வயிற்றைக் கலக்கியது. தூண்டும் பொருள் எதுவுமே சேர்க்காத கன்ட்ரோல் குழிகள் எல்லாம் அடர்மஞ்சள். சும்மா இருக்க வேண்டிய செல்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரந்து தள்ளியிருந்தன.

சரி, நம் கைப்பிழையோ என்று பழைய லாட்டில் வளர்த்த செல்களை எடுத்தேன். புது வையலின் கரைசலை 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து அவற்றுக்குக் கொடுத்தேன். இந்தச் சூட்டில் புரதம் வெந்து போயிருக்கும், எண்டோடாக்சின் தாங்கும்; டிஎன்எஃப் அப்படியும் வந்தது. எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்ததும் அடங்கிவிட்டது. வெறும் பஃபர் விட்ட குழியில் ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் இது புரதத்தைத் தயாரிக்கும் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து சுத்திகரிக்கும்போது விட்டுப்போன எண்டோடாக்சின்தான். ஃப்ரீசர் நின்றிருந்தால் புரதம் வீரியம் இழந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். மூடிய வையலுக்குள் எண்டோடாக்சின் எப்படி முளைக்கும்?

அப்புறம்தான் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். லாட் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வையலில் 47, தாளில் 41. எண்டோடாக்சின் மைக்ரோகிராமுக்கு 0.1 யூனிட்டுக்கும் கீழ் என்று அதில் போட்டிருப்பது வேறு யாருடைய வையலுக்கோ. பக்கத்து ஆய்வகத்தில் குதிரைலாட நண்டு ரத்தத்தில் செய்த எண்டோடாக்சின் சோதனைக் கிட்டை வாங்கி அளந்தால், எங்களுடையது 200 யூனிட்டைத் தாண்டுகிறது. நாங்கள் கொடுக்கும் அளவுக்குக் கணக்குப் போட்டால் மில்லிலிட்டருக்கு 4 யூனிட். மேக்ரோஃபேஜைக் கிளப்பிவிட இதுவே தாராளம்.

லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருப்பது தெரியும். மருந்துத் தரம் கேட்கவில்லை, அந்த வையலுக்கு உரிய தாளைக் கேட்கிறேன். வீணான 6 எலிகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவிடம் பதில் சொல்லப்போவது நான்தான், உங்கள் டீலர் இல்லை.

47-ஆம் லாட்டின் உண்மையான எண்டோடாக்சின் அறிக்கையை அனுப்புங்கள். வேறு லாட்டில் இரண்டு வையல் மாற்றித் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். இதே லாட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அவர்களும் இந்நேரம் தங்கள் பைப்பெட்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வையலின் சீல் உடைக்கவில்லை. மைனஸ் 20-இல் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எலைசா அளவீடுகளோடு கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
நோய் எதிர்ப்பியல் ஆய்வகம்