கட்டணம் குறைந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சமூகவியல் படித்தவள். வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். விசாவுக்காக இரண்டு தடவை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தாள். விசா கையில் வந்தபோது மாநாடு முடிந்து நாலு நாள்!

இப்படியான மாநாடுகளை நடத்தும் சர்வதேச சமூகவியல் சங்கம் 1949இல் யுனெஸ்கோவின் ஆதரவில் தொடங்கியது. நாலு வருடத்துக்கு ஒரு முறை உலக மாநாடு நடத்துகிறது. 1986இல் புதுடில்லியில் நடந்தது, 2023இல் மெல்பேர்ணில். நாடுகளை வருமானப்படி ஏ, பி, சி என்று பிரித்து, வறிய நாட்டவரிடம் குறைந்த பதிவுக் கட்டணம் வாங்குகிறார்கள். சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் விமானச் சீட்டுக்கு அப்படி ஏ, பி, சி கிடையாதே.

மொழி இன்னொரு மதில். சங்கத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். இருந்தாலும் அதன் இதழ் இந்தியிலும் வங்காளத்திலும்கூட வருகிறது. அந்தந்த நாட்டு ஆய்வாளர்களே மொழிபெயர்க்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. அங்குள்ளவர்கள் தமிழுக்காக அந்தச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாம். இடப்பெயர்வு, காணி, சீதனம், சாதி என்று நாங்கள் வாழ்ந்து பார்த்த விசயங்களைத்தானே அந்தச் சங்கத்தவர்களும் ஆராய்கிறார்கள்?

பிள்ளை அந்த மாநாட்டுக்காக அச்சடித்து வைத்த சுவரொட்டி இன்னும் சுருட்டியபடியே அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

வாசகர்,
கொக்குவில்.